ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ: மருந்து இருக்கிறது; 14 நாள் லீவு இருக்கிறதா?

விரலில் ஊசி ஏறுவது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செய்தியே இல்லை. மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பீஸைக் கையில் எடுப்பார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு வீங்கும், சீழ் கட்டும். பக்கத்து மெடிக்கலில் சொன்னால் நாலு மாத்திரை கிடைக்கும். இரண்டு நாளில் வலி குறைந்ததும் மீதி மாத்திரை பர்ஸிலேயே கிடக்கும்.

அரிதாகச் சிலருக்கு அது அங்கேயே முடிவதில்லை. தோலில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நிதானம் தவறுதல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிறது. அங்கே பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் "எம்ஆர்எஸ்ஏ" என்கிறார். குடும்பம் கேட்கும் முதல் கேள்வி: "இதுக்கு மருந்து இருக்குங்களா?"

இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே. ஆனால் முதல் நாளில் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு: எத்தனை நாள் ஆகும்? குறைந்தது 14 நாள். பலருக்கு 4 முதல் 6 வாரம். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாரம் நகரும் ஊரில், காதர்பேட்டை கடையில் மடித்து அடுக்குபவர் ஆனாலும் கம்பெனியில் தைப்பவர் ஆனாலும், மருந்தைவிடக் கஷ்டமான விஷயம் அந்த நாட்கள்தான். இந்தக் கட்டுரை இரண்டையும் பேசுகிறது.

யார் இந்தக் கிருமி?

முழுப்பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்துபோலத் தெரியும். நம்மில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேரின் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கிறது. தோல் முழுசாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. காயம், அறுவைசிகிச்சை, டயாலிசிஸ் குழாய், பல நாள் மாற்றாத ட்ரிப்ஸ் ஊசி என ஏதாவது வழி கிடைத்தால் உள்ளே நுழையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

ரத்தத்துக்குள் போய்விட்டால் இது ஒரே இடத்தில் நிற்காது. இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, நுரையீரல் என்று எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல சிகிச்சை கிடைத்தும் உலகளவில் இந்த ரத்தத் தொற்று வந்தவர்களில் சுமார் நான்கு அல்லது ஐந்து பேருக்கு ஒருவர் இறந்துபோகிறார். "சாதாரணக் காய்ச்சல்தானே" என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற நோய் இல்லை இது.

பென்சிலின் குடும்பம் ஏன் தோற்றது?

பனியன் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்லலாம். கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அதைத் தைத்துக்கொண்டே இருக்க, கிருமியிடம் சில மெஷின்கள் உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் அந்த மெஷினின் ஊசியில் போய் மாட்டிக்கொள்ளும். தையல் நிற்கும், சுவர் பிரியும், கிருமி சாகும்.

1940களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அதை உடைத்துப்போடும் ஸ்டாஃப் கிருமிகள் பெருகின. அதற்கு மாற்றாக 1959ல் வந்தது மெத்திசிலின். 1961ல் இங்கிலாந்தில் மெத்திசிலினுக்கும் அடங்காத கிருமி பதிவானது. அதுதான் எம்ஆர்எஸ்ஏ. மெக்-ஏ என்ற மரபணு மூலம் அது வேறொரு மாடல் மெஷினைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டது. பழைய மருந்து எதுவும் அந்த மெஷினில் மாட்டாது. சுவர் பாட்டுக்குத் தைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்றவை எல்லாம் இங்கே வேலைக்கு ஆகாததற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் நிலைமை எப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், பெரிய ஆஸ்பத்திரிகளின் ஆய்வகங்களை இணைத்து 2013 முதல் கண்காணித்து வருகிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் சோதித்த ஸ்டாஃப் ஆரியஸ் கிருமிகளில் எம்ஆர்எஸ்ஏவின் பங்கு 2016ல் சுமார் 28 சதவீதம். 2021ல் 42 சதவீதத்தைத் தாண்டியது. இவை சிக்கலான நோயாளிகள் வந்துசேரும் ஆஸ்பத்திரிகளின் கணக்கு. ஊரில் எல்லோருடைய கொப்புளமும் எம்ஆர்எஸ்ஏ என்று அர்த்தமில்லை. ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு. உலகளவில் 2019ல் மட்டும் எம்ஆர்எஸ்ஏ நேரடிக் காரணமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2022ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

முதல் ஊசிக்கு முன் பிளட் கல்ச்சர்

எந்த மருந்து என்று முடிவுசெய்ய, முதலில் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே நம்பகமான வழி பிளட் கல்ச்சர். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே, வேறு வேறு இடத்திலிருந்து குறைந்தது இரண்டு முறை ரத்தம் எடுத்து பாட்டில்களில் வளர்க்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் கிருமி தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதற்கடுத்த ஓரிரு நாளில் தெரியும்.

ஏற்கெனவே கண்ட ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் பாட்டிலில் கிருமி வளராமல் போகலாம். கிருமி சாகவில்லை, ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். மெடிக்கலில் வாங்கிய நாலு மாத்திரை செய்யும் பெரிய கெடுதல் இது. நோயையும் தீர்க்காது, நோய் என்னவென்று கண்டுபிடிக்கவும் விடாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அட்டையைப் போனில் போட்டோ எடுத்துக் காட்டினாலே போதும்.

அதற்காக ரிசல்ட் வரும்வரை மருந்து கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். நோயாளி மோசமாக இருந்தால் ரத்தம் எடுத்த கையோடு எம்ஆர்எஸ்ஏவுக்கும் சேர்த்து மருந்து தொடங்குவார்கள். ரிசல்ட் வந்ததும் மாற்றுவார்கள்.

அந்த மாற்றம் முக்கியம். ரிசல்ட்டில் சாதாரண ஸ்டாஃப் என்று வந்தால், செஃபாசோலின் அல்லது க்ளாக்சாசிலின் வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளே வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்யும். "பெரிய மருந்தை நிறுத்திட்டு சின்ன மருந்து போடறாங்களே" என்று சொந்தக்காரர்கள் கோபப்படுவது உண்டு. அங்கே அந்தச் சின்ன மருந்துதான் பெரிய மருந்து.

எம்ஆர்எஸ்ஏ என்றால் என்னென்ன மருந்து?

வான்கோமைசின்: 1958 முதல் பயன்பாட்டில் இருக்கிறது, இன்றும் முதல் வரிசை. இது தையல் மெஷினைத் தொடுவதில்லை, மெஷினுக்குப் போகும் நூலையே பிடித்துக்கொள்கிறது. அதனால் மெஷின் மாடல் மாறினாலும் கவலை இல்லை. ரத்தத் தொற்றுக்கு நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மாத்திரையாகக் கொடுத்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது. அளவு குறைந்தால் கிருமி பிழைக்கும், கூடினால் கிட்னி கெடும். எனவே ரத்தத்தில் மருந்தின் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்ற வேண்டும். "சிஸ்டர், ட்ரிப்ஸைக் கொஞ்சம் சீக்கிரம் ஓடவிடுங்க" என்று கேட்காதீர்கள். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், பிரஷரும் இறங்கலாம்.

டாப்டோமைசின்: கிருமியின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்கிறது. ஸ்டாஃப் ரத்தத் தொற்றுக்கு 2006ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வான்கோமைசினுக்குச் சமமான முதல் தேர்வு. கிட்னி பலவீனமானவர்களுக்கு வசதி. ஒரு பெரிய குறை: நுரையீரலில் இருக்கும் வழுவழுப்பான திரவம் இதைச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே நிமோனியாவுக்கு உதவாது. தசையைப் பாதிக்கலாம் என்பதால் வாரம் ஒருமுறை சிபிகே ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டெய்கோபிளானின்: வான்கோமைசினின் தம்பி முறை. இந்திய ஆஸ்பத்திரிகளில் புழக்கத்தில் உள்ளது. கிட்னிக்குத் தொந்தரவு குறைவு. முதல் சில டோஸ்களைக் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் ரத்தத்தில் தேவையான அளவு சேராது.

லினசோலிட்: மாத்திரையாகவும் கிடைக்கும், நுரையீரலுக்குள் நன்றாகச் சேரும். ஆனால் இது கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தி வளரவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து. நேரடியாகக் கொல்லும் வகை இல்லை. எனவே ரத்தத் தொற்றில் வழக்கமாக முதல் தேர்வு ஆகாது. இரண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட் குறையலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இதே மருந்துதான் ஆயுதம் என்பதால் கண்டபடி செலவழிக்கக் கூடாதது.

செஃப்டாரோலின், செஃப்டோபிப்ரோல்: பழைய குடும்பத்தின் புதுத் தலைமுறை. எம்ஆர்எஸ்ஏ கொண்டுவந்த புது மாடல் மெஷினிலும் மாட்டும்படி வடிவமைத்தவை. செஃப்டோபிப்ரோலுக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்கா ஸ்டாஃப் ரத்தத் தொற்றுக்காக அனுமதி கொடுத்தது. டாப்டோமைசினோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுமே ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குப் பலன் கொடுத்தன. புதுசு பழசை ஜெயிக்கவில்லை, சமமாக நின்றது.

லெவோநாடிஃப்ளாக்சசின்: இந்தியாவிலேயே உருவான மருந்து. வோக்ஹார்ட் நிறுவனத்தின் எம்ராக் என்ற பெயரில் ஊசியும் அதன் மாத்திரை வடிவமும் 2020 ஜனவரியில் இங்கே அனுமதி பெற்றன. சர்க்கரை நோயாளிகளின் கால்புண் உட்பட தோல் தொற்றுகளுக்கும், அவற்றோடு சேர்ந்து வரும் ரத்தத் தொற்றுக்கும் அந்த அனுமதி.

ஐசிஎம்ஆர் கண்காணிப்பில் இங்குள்ள ஸ்டாஃப் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை வான்கோமைசினுக்கும் லினசோலிடுக்கும் இன்னும் அடங்குகின்றன. நம் கையில் இருக்கும் நல்ல செய்தி இது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது நம் பொறுப்பு.

இரண்டு மருந்து சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வான்கோமைசின் அல்லது டாப்டோமைசினோடு பென்சிலின் வகை மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுத்த கேமரா-2 ஆய்வு, 352 எம்ஆர்எஸ்ஏ நோயாளிகளோடு 2020ல் வெளியானது. ரத்தம் கொஞ்சம் சீக்கிரம் சுத்தமானது. ஆனால் இறப்பு குறையவில்லை, கிட்னி பாதிப்பு அதிகமானது. அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஸ்டாஃப் ரத்தத் தொற்று வந்த 758 பேரிடம் பிரிட்டனில் ரிஃபாம்பிசினைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்த அரெஸ்ட் ஆய்விலும் (2018) பெரிய லாபம் இல்லை.

சில சிக்கலான நோயாளிகளுக்கு நிபுணர்கள் கூட்டு மருந்து தருவது உண்டு. ஆனால் பில்லில் மருந்துகளின் எண்ணிக்கை கூடினால் சிகிச்சை நல்லது என்று நினைக்க ஆதாரம் இல்லை.

உயிரைக் காப்பதாகத் தெரிவது வேறு சில வேலைகள். கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடி அந்தக் குழாயை எடுப்பது, சீழைத் திறந்து வடிப்பது. இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று எக்கோ பார்ப்பது. ரத்தம் சுத்தமாகும்வரை ஓரிரு நாளைக்கு ஒருமுறை பிளட் கல்ச்சரைத் திரும்ப எடுப்பது. முடிந்தால் தொற்றுநோய் நிபுணரின் ஆலோசனை பெறுவது. நோயாளியின் குடும்பம் டாக்டரிடம் கேட்கவேண்டியவையும் இவைதான்: "எக்கோ பாத்தாச்சுங்களா? திரும்ப கல்ச்சர் எடுத்தீங்களா? எத்தனாவது நாள்ல இருந்து கணக்கு?"

ஏன் 14 நாள்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளில் இருந்து கணக்கு இல்லை. ரத்தத்தில் கிருமி இல்லை என்று கல்ச்சர் காட்டிய முதல் நாளில் இருந்து குறைந்தது 14 நாள். அதுவும் வால்வில் பிரச்சினை இல்லாமல், உடம்புக்குள் உலோகமோ செயற்கை வால்வோ இல்லாமல், மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு 4 முதல் 6 வாரம். எலும்பில் பிடித்திருந்தால் அதற்கும் மேல்.

ஐந்தாம் நாளே காய்ச்சல் போயிருக்கும், சாப்பாடு இறங்கும், எழுந்து நடப்பார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று டிஸ்சார்ஜ் கேட்கத் தோன்றும். ஆனால் முதுகெலும்பின் இடுக்கிலோ வால்விலோ மிச்சம் இருக்கும் கிருமி சில வாரம் கழித்துத் திரும்பிவரும். பாதி மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமியாகவும் அது இருக்கலாம்.

நாட்களைச் சுலபமாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. சிக்கல் இல்லாத நோயாளிகளுக்கு 5 முதல் 7 நாள் ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாறலாம் என்று 2024ல் வெளியான சபாட்டோ என்ற ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால் அதில் எம்ஆர்எஸ்ஏ நோயாளிகள் மிகக் குறைவு. வீட்டில் இருந்தபடியே மாத்திரையாகச் சாப்பிட்டாலும் மொத்த நாட்கள் அதேதான்.

சம்பளம் இல்லாத நாட்களை யார் கொடுப்பது?

இங்கேதான் மருத்துவம் முடிந்து நம் ஊர் தொடங்குகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வராத நாள் என்றால் வராத சம்பளம். இரண்டு வாரம் போனால் வாடகை, வட்டி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் நிற்கும். பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்தவர் என்றால் பக்கத்தில் இருந்து பார்க்கவும் ஆள் இல்லை. எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் மருந்தை மறுக்கவில்லை. மீதி நாட்களை வாங்க அவரிடம் காசு இல்லை.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஈஎஸ்ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர் இதில் வருவார். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். தேவையான நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், நோய்வாய்ப்பட்ட காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 10,500 வரும் கணக்கு. 6 வாரச் சிகிச்சை என்பது 42 நாள். 91க்குள் தாராளமாக அடங்குகிறது. நோய்க்கால உதவி பெறும் தொழிலாளியை அந்த நாட்களில் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டம் தன் 73ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தது.

பிரச்சினை, அந்த அட்டை இல்லாதவர்களுடையது. கான்ட்ராக்டர் வழியாக வந்தவர், பெயர் ரிஜிஸ்டரில் ஏறாதவர், பத்துப் பேருக்கும் குறைவான சின்ன யூனிட்டிலும் கடையிலும் வேலை செய்பவர். அவர்களுக்கு 14 நாள் என்பது டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து, கடையில் கிடைக்காத மருந்து.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மெர்ச்சண்டைசராகவோ, ஹெச்ஆரிலோ, அக்கவுண்ட்ஸிலோ இருக்கலாம். உங்கள் லைனில் வேலை செய்கிறவர்களின் ஈஎஸ்ஐ எண் எல்லாம் செயல்பாட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காய்ச்சலோடு ஒருவர் பத்து நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். ஊசி ஏறிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி மூட, ஒரு முதலுதவிப் பெட்டியை மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். பையர் ஆடிட்டுக்காகப் பூட்டிவைத்த பெட்டி யாருக்கும் உதவாது.

மெடிக்கல் பக்கமும் ஒரு கேள்வி

2012ல் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று, இந்திய மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டிய மாநாட்டில் உருவானது 'சென்னை பிரகடனம்'. ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்த நடைமுறைக்கு ஏற்ற வழி சொன்னது அது. 2013ல் மத்திய அரசு ஹெச்-1 பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அமலானது. அந்தப் பட்டியலில் செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை உண்டு. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்த முறை மெடிக்கலுக்குப் போகும்போது கவனியுங்கள்: உங்கள் பெயரைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், விதி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டரைப் பார்க்க அரை நாள் சம்பளம் போகும், மெடிக்கலில் அஞ்சு நிமிஷம்தான். அந்தக் கணக்கு மாறாதவரை விதி மட்டும் மாறிப் பயனில்லை.

காதர்பேட்டை துணியில் இது ஒட்டிவருமா?

செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று குவியலில் எடுத்த துணியால் எம்ஆர்எஸ்ஏ வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இந்தக் கிருமி துணியில் சில நாள் உயிரோடு இருக்கக்கூடியதுதான். ஆனால் பரவும் முக்கிய வழி தோலோடு தோல் படுவதும், ஆஸ்பத்திரியில் கழுவாத கைகளும்தான். வாங்கிய துணியை ஒருமுறை துவைத்து, வெயிலில் காயப்போட்டு உடுத்தினால் போதும். தங்கும் அறையில் சேவிங் ரேஸரையும் டவலையும் பகிராமல் இருப்பது அதைவிட முக்கியம். 'ஆன்டி-மைக்ரோபியல்' என்று லேபிள் ஒட்டிய பனியன் வியர்வை நாற்றத்தைக் குறைக்கலாம், தொற்றில் இருந்து காப்பாற்றாது.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று கோரிக்கைகள். ஒன்று, தொழிலாளர் அதிகம் உள்ள இந்த மாவட்டத்தில் பிளட் கல்ச்சர் எடுக்கும் வசதி இரவு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏழைக்குக் கிடைக்க வேண்டும். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற உள்ளூர்ப் பட்டியலை ஆண்டுதோறும் எல்லா டாக்டர்களுக்கும் தர வேண்டும். இரண்டு, ஹெச்-1 ரிஜிஸ்டரை உண்மையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். மூன்று, கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரும் ஈஎஸ்ஐயில் ஏற வேண்டும். மூன்றாவது தொழிலாளர் நலத்துறையின் வேலை என்று சுகாதாரத்துறை ஒதுங்கக் கூடாது. நோயாளி மருந்தைப் பாதியில் விடாமல் இருக்க அந்த அட்டையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

உங்களுக்கோ உடன் வேலை செய்பவருக்கோ காயமோ சீழோ இருந்து, கூடவே குளிர்நடுக்கக் காய்ச்சல், மூச்சுத்திணறல், தாங்கமுடியாத முதுகுவலி, குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள் அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எம்ஆர்எஸ்ஏ என்று வந்தால் மருந்தின் பெயரை டாக்டர் பார்த்துக்கொள்வார். நாட்களை எண்ணி முடிக்க அவருக்குத் துணையாக வீடும் கம்பெனியும் நிற்க வேண்டும்.